அழைப்பிதழில் நான் எடுக்கச் சொன்ன வரி

மாலினி அக்கா போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் நெஞ்சு நோகுது என்று சொல்லிக் கடைக் கதிரையில் இருந்தவர்... எழும்பவே இல்லை.

கிளிநொச்சி ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பிளெக்ஸ், கலியாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி பனர்... எல்லாம் அடிக்கிற அந்தச் சின்னக் கடை.

எங்கள் படக் கம்பனியைத் தொடங்கிய மூன்று பேரில் அவரும் ஒருவர். நான், கமரா சுகந்தன், மாலினி அக்கா. இது பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

இப்போது அவருடைய கடையில், அவருடைய கம்பியூட்டருக்கு முன்னால் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவருடைய அஞ்சலி பனரைச் செய்து தரச் சொல்லி அவரின் கணவர் யோகன் அண்ணை கேட்டார். ஊரில் யார் செத்தாலும் பனர் அக்காதான் அடிப்பார். அவருக்கு அடிக்க ஆளில்லை.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். காலையில் இருந்து கரண்ட் இரண்டு தரம் போய் வந்துவிட்டது.

கம்பனிக்குப் பெயர் வைக்கிற நேரம் எனக்குப் பெரிய ஆசை. இங்கிலிஷில் ஒரு பெயர், சுற்றுகிற பூமி உருண்டை, அதில் தங்க எழுத்து...

அக்கா மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உருண்டை எல்லாரும் போடுறாங்கள் ரூபன். உமக்குக் கடிதம் வந்தா அட்ரஸில என்ன கிடக்கும்?"

"மூண்டாம் வாய்க்கால்."

"பிறகென்ன. அதையே வைப்பம்."

மூன்றாம் வாய்க்கால் பிலிம்ஸ். பாதி தூக்கிய வாய்க்கால் கதவு, அதற்குக் கீழே மூன்று கோடாகத் தண்ணீர். அரை மணித்தியாலத்தில் லோகோ முடிந்தது. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

படம் எடுத்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்த காலம் அது. டிஸ்ட்ரிபியூஷன் என்றால் ஹார்ட் டிஸ்க்கைத் தியேட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது... அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வவுனியாவில் ஒரு தியேட்டர் வெள்ளி, சனி, ஞாயிறு தந்தது. முதல் நாள் டிக்கெட் போகாவிட்டால் சனிக்கிழமையே இந்தியப் படம் போட்டுவிடுவோம் என்று முதலே சொல்லிவிட்டார்கள்.

ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. கார்ட் அடித்து வீடு வீடாகப் போய்ச் சொல்வது. நெளுக்குளம் பக்கம் நானும் சுகந்தனும், கிளிநொச்சிப் பக்கம் அக்கா ஸ்கூட்டியில்.

முதல் ஷோ ஹவுஸ்புல். பட்டுச் சேலை, நகை, வான் பிடித்து வந்த குடும்பங்கள். ஒரு ஐயா கையில் அன்பளிப்பு என்வலப்கூட வைத்திருந்தார்.

வாசலில் டிக்கெட் கேட்டதும் சனம் குழம்பிவிட்டது.

"வீட்டை வந்து கார்ட் தந்து கூப்பிட்டுப்போட்டு இப்ப காசு கேக்கிறியளோ?" ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எல்லோரையும் சும்மா உள்ளே விட்டோம்.

வரக்கூடிய சனம் முழுக்க அந்த ஒரு ஷோவுக்கே வந்து முடிந்துவிட்டது. பின்னேர ஷோவுக்குப் பதினொரு பேர்.

மனேஜர் எங்கள் மூன்று பேரையும் ஒபிசுக்குள் கூப்பிட்டார். கார்ட்டை மேசையில் போட்டார். "இது படமோ, கலியாண வீடோ? டிக்கெட் எண்டு ஒரு சொல்லு இதில கிடக்கோ? ஆர் செய்தது?"

சுகந்தன் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து எடுத்த படம் அது. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கார்ட் அக்காதான் செய்தவா" என்று சொன்னேன்.

அக்கா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மனேஜரிடம், "ஓம், என்ர பிழைதான்" என்றார்.

சனிக்கிழமை காலை எங்கள் போஸ்டருக்கு மேலே வேறு போஸ்டர்.

சுகந்தன் அதற்குப் பிறகு அக்காவோடு கதைக்கவில்லை. அக்கா கம்பனியை விட்டு விலகினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. அடுத்த கிழமை சொல்லுவோம், அடுத்த மாதம் சொல்லுவோம் என்று... நாலு வருடம்.

இதற்குள் நாங்கள் ஊர் மண்டபங்களில் படம் போடப் பழகிவிட்டோம். தண்ணீரூற்று, நாயாறு... முதலே போய்க் கையோடு டிக்கெட் விற்று, பிறகு படம். திரையில் அந்த வாய்க்கால் கதவு வந்தாலே விசில் பறக்கும்.

அந்த டிக்கெட் எல்லாம் மாலினி அக்கா அடித்தது. எத்தனை வேண்டும் என்று வட்ஸ்அப்பில் அனுப்புவேன். "ஓம்" என்று மட்டும் பதில் வரும்.

இன்று பனருக்குப் போட்டோ தேடும்போது எங்கள் கம்பனி பெயரில் ஒரு போல்டர் கண்டேன். லோகோ, போஸ்டர், டிக்கெட்... அந்தக் கார்ட்.

கார்ட் இரண்டு இருந்தது. ஒன்று நாங்கள் வீடு வீடாகக் கொடுத்தது. மற்றது அவர் முதலில் செய்தது.

முதலில் செய்ததன் அடியில் ஒரு வரி. "அனுமதி டிக்கெட்டுக்கு மட்டும்."

அதை எடுக்கச் சொன்னது நான். "வீட்டை போய்க் கூப்பிடேக்க இது மரியாதை இல்லை அக்கா, எடுங்கோ" என்று இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். "வாசல்ல கரைச்சல் வரும் ரூபன்" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை.

அன்றைக்கே அக்கா இதைச் சுகந்தனுக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அனுப்பவில்லை... அழிக்கவும் இல்லை.

இப்போதுதான் யோகன் அண்ணை வந்து கேட்டார். "பனரில கம்பனிப் பேரும் போடுறதோ தம்பி? அவா விலகினவா எல்லோ?"

"போடுறன் அண்ணை. முதல் இதை ஒருக்கா எழுதி முடிக்கிறன்" என்றேன்.

அந்த முதல் கார்ட்டைக் கீழே போட்டிருக்கிறேன். அடியில் இருக்கிற வரியைப் பாருங்கள். சுகந்தன், உன்னை டாக் பண்ணியிருக்கிறேன். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். வா.

உங்கட லோகோவைப் போட்டுத்தான் பனர் அடிக்கிறன் அக்கா...

போயிட்டு வாங்கோ.