குதிகால் குழியில் ஊறும் நீர்

செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொச்சுத்ரேசியா வரப்பை விட்டு இறங்குகிறாள். வேளாண் அலுவலர் காகிதக் கட்டோடு மேலேயே தயங்குகிறார். “சாரே, நீங்க அங்கேயே நில்லுங்க. ஷூவுக்குச் சளி பிடிச்சிடும்” என்கிறாள்.

மழைக்காலத்தில் நீரில் மூழ்கிக் கிடக்கும் திருச்சூர்க் கோள்வயல் ஓரத்தில் எந்த நிலம் நஞ்சையாகவே கிடக்க வேண்டும், எதில் வீடு எழும்பலாம் என்று நேரில் பார்த்துச் சொல்லும் ஊராட்சிக் குழுவில் அவள் விவசாயிகள் தரப்பு உறுப்பினர். ‘ஈரநிலம்’, ‘வகைமாற்றம்’, ‘நீரோட்டத் தடை’ என்று அலுவலர் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டுவாள். பிறகு குதிகாலை மண்ணில் அழுத்தி எடுத்து, மாதா ஜெபம் ஒன்று சொல்வாள். ஆமென் வருவதற்குள் குழியில் நீர் ஊறிவிட்டால் ஈரநிலம். ஊறாவிட்டால் மேற்கொண்டு பேசலாம். மண் பரிசோதனை முடிவும் பல தடவை அந்தக் குதிகாலோடு ஒத்துப்போனதால் அலுவலரும் பேசாமல் காத்திருப்பார்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? “வேண்டியவங்களுக்குன்னா எக்ஸ்பிரஸ் ஜெபம், நமக்குன்னா ஞாயித்துக்கிழமை பாட்டுப் பூசை!” என்பான் சாயாக்கடை பொறிஞ்சு. அவனுக்கு வயிற்றெரிச்சல். “வயலை மூடக் கூடாதுன்னு சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நான் மண்ணடிச்சு மேடாக்கின இடம், இந்தத் தென்னையே சாட்சி” என்று அவன் காட்டிய மரத்தின் தழும்புகளை அவள் விரலால் எண்ணினாள். மட்டைக்கு ஒரு தழும்பு, ஆண்டுக்குப் பன்னிரண்டு. “பொறிஞ்சு சேட்டா, உங்க சாட்சிக்கு இன்னும் மீசையே முளைக்கலையே!” இத்தனைக்குப் பிறகும் அவன் கடையில்தான் சாயா குடிக்கிறாள், ஆறும்வரை காத்திருந்து. அவள் நாக்குக்குச் சூடு ஆகாது.

இன்று இறங்கியிருப்பது தங்கை எல்சம்மாவின் பத்து சென்டில். கணவன் போன பிறகு மூன்று வாடகை வீடு மாறியவள். அவளுக்கு வேறு மண் கிடையாது. மேலண்டை வயல்களின் வெள்ளம் கால்வாய்க்கு வடிவதும் இதே பத்து சென்ட் வழியாகத்தான். அடைத்தால் நாற்பது வீட்டு நெல் அழுகும்.

“என்கூட வந்து இருடீ” என்று அக்காள் எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. “எனக்குன்னு ஒரு கதவு வேணும் சேச்சி” என்பாள் எல்சம்மா. நேற்று வந்து, “நாளைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரமா ஜெபிச்சிடேன்” என்று சிரித்தாள். சிரித்தவளின் கண் கலங்கியிருந்தது. கொச்சுத்ரேசியா இரவெல்லாம் தூங்கவில்லை.

குதிகால் பதிகிறது. வரப்பில் பிளாஸ்க்கோடு நிற்கும் எல்சம்மாவின் உதடுகளும் அசைகின்றன, மடமடவென்று. அவள் ஆமென் சொல்லி முடித்துவிட்டாள். குழி காய்ந்தே கிடக்கிறது. கொச்சுத்ரேசியாவோ பாதியில் இருக்கிறாள். எப்போதும்போல ஒவ்வொரு சொல்லாகத்தான் சொல்கிறாள். கடைசி வரிக்கு வரும்போது குழியின் அடியில் நீர் மினுங்குகிறது.

“ஈரநிலம்னு எழுதுங்க சாரே.”

எல்சம்மா பிளாஸ்க்கைத் திறந்து, அலுவலருக்குச் சாயாவைச் சுடச்சுட நீட்டுகிறாள். அடுத்த டம்ளரையும் ஊற்றுகிறாள். பிறகு அக்காளின் முகத்தைப் பார்க்காமலே அதை ஊதி ஊதி ஆற்றுகிறாள்.