ரெண்டு சீட்டு

போர்விமான மாடலின் காக்பிட்டுக்குள் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, ஊசிமுனையால் ஒவ்வொரு மீட்டருக்கும் வெள்ளை முள் வரைந்துகொண்டிருந்தேன். தின்னர் வாசம் மூக்கில் ஏறியதும் அப்பாவின் லாரி கேபினுக்குள் போய்விட்டேன்.

ஆயுத பூஜைக்கு டேஷ்போர்டுக்கு அவரே கறுப்படிப்பார். எருமப்பட்டி வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் கேபினில் பெயின்ட், டீசல், வெயிலில் காய்ந்த ரெக்சின் எல்லாம் கலந்து மணக்கும். டெம்பரேச்சர் மீட்டரின் முள் எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் அதை நகத்தால் ஒரு தட்டுத் தட்டாமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார்.

தூத்துக்குடி லோடு என்றால் அம்மா கேபின் படியோரம் வந்து நிற்பாள்.

"ஏனுங்க, ஒருக்கா என்னையுங் கூட்டிட்டுப் போங்க."

"லோடு வண்டீல பொம்பளையாளு ஏறுனா நல்லாவா இருக்கும்? அடுத்த தடவ பாக்கலாம்."

கடல் பார்க்கும் ஆசை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் சங்கும் சிப்பியும் வாங்கி வருவார். அம்மா அவற்றைக் கழுவிச் சன்னலில் அடுக்குவாள். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. வண்டியை விற்றார், பிறகு அவரும் போய்விட்டார்.

"இதுல ரெண்டு சீட்டா சாமி?"

அம்மா எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா." மனசு கேட்கவில்லை. "இந்த லீவுக்குத் தூத்துக்குடி போலாமா? கடலப் பாத்துட்டு வரலாம்."

"கடல ஆரு கேட்டா? உங்கப்பா ஓட்டறத பக்கத்துல உக்காந்து பாக்கோணும்னுதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு, காயாத மீட்டரை நகத்தால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.