துளசி மாடத்தின் கீழிருந்த மூடி

ஐயா அல்லது அம்மையீர்,

எனக்குப் பின் இவ்வீட்டில் குடியேறவிருக்கும் தங்களுக்கு என் வணக்கம். தாங்கள் யார் என்பதை நான் அறியேன். எங்களுக்கு மக்கட்பேறு இல்லாமையால், இவ்வீடு விற்கப்பட்டே தங்கள் கைக்கு வந்திருக்கும். இவ்வீட்டைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லப் புகுந்தால் என்னைப் பற்றியும் சிறிது சொல்ல நேரும். பொறுத்தருள்க.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடிய பெர்ரியில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்தும் பணியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஜெலுத்தோங்கிலுள்ள இந்த வரிசை வீட்டை என் மனைவியும் நானும் சேர்ந்தே வாங்கினோம். அவள் காலமான மறு ஆண்டு, ஊரெங்கும் பரவிய நோயில் நானும் காய்ச்சலாகக் கிடந்தேன். காய்ச்சல் நீங்கிற்று, மணம் அறியும் புலன் மட்டும் திரும்பவில்லை. ஊதுபத்தி எரிகிறதா என்பதைப் புகையைப் பார்த்தே அறிகிறேன். தனியாக இருப்பவனுக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஒருவரிடமும் அதைச் சொல்லவுமில்லை.

பெர்ரியில் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், என்னைவிட ஐந்து வயது இளையவர், ஞாயிறுதோறும் பசாரிலிருந்து அப்பம் வாங்கிக்கொண்டு வருவார். பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருப்போம். என் மனைவி போன பின்பும் அவ்வழக்கம் நீடித்தது. ஆனால் காய்ச்சலுக்குப் பிந்திய மாதங்களில் அவர் பின்கட்டுக்கு வராமல் கூடத்திலேயே அமரலானார். பிறகு காப்பி வேண்டாம் என்றார். பிறகு அப்பப் பொட்டலத்தை இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையே நீட்டி, "வேலை இருக்குண்ணே, வரேன்" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுவார்.

அவருடைய மகளின் திருமணப் பத்திரிகையும் அவ்வாறே வந்தது. உள்ளே வந்து அமர்ந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தர வேண்டியதைக் கம்பிக்கு வெளியே நின்று தந்தார்.

"உள்ள வந்து உக்காந்து கொடு தம்பி."

"இன்னும் நாலு வீடு போகணும்ணே. மழை வேற வருது."

மழை வரவில்லை. மனைவியை இழந்தவனை மங்கல காரியத்துக்கு மனமில்லாமல் அழைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். உறையைப் பிரிக்காமலே குளிர்ப்பெட்டியின் மேல் வைத்தேன். திருமணத்துக்கு நான் போகவில்லை. அதன் பின் அவர் வரவில்லை. அவர் பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டார் என்பதைப் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அந்த ஞாயிறுகளில் நானும் அப்பம் வாங்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் மாநகர் மன்றத்துச் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண், முகக்கவசம் அணிந்திருந்தார்.

"அங்கிள், பின்னால லோங்காங்ல சாக்கடைத் தண்ணி கறுப்பா நிக்குது. புகார் வந்திருக்கு. உங்க வீட்டு செப்டிக் டேங்கு எங்க இருக்கு?"

"தெரியாதே அம்மா."

"கடைசியா லோரி எப்ப வந்து உறிஞ்சிச்சு?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவற்றையெல்லாம் என் மனைவி கவனித்துக்கொண்டாள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையன்று, இருவருமே கவனிக்கவில்லை.

அவர் இரும்புக் கம்பி ஒன்றால் பின்கட்டுத் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். அத்தரைக்குச் சிமெண்டு பூசித் துளசி மாடம் கட்டியது என் மனைவியின் விருப்பம். அன்று கொத்தனார், இங்கே மேடாக ஒரு சதுரம் இருக்கிறது, இதன் மேலேயே எழுப்பிவிடலாம் என்றபோது, கடைக்கால் தயாராகக் கிடைத்ததே என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதிகாரி மாடத்தருகே தட்டினார். ஓசை வேறாக இருந்தது.

"மூடி இதுக்குக் கீழதான் அங்கிள்."

"இது சாமி, அம்மா."

"தெரியுது அங்கிள். எங்க வீட்லயும் இருக்கு. டேங்கு மேல இல்ல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவ்விடத்தைத்தான் என் மனைவி காலைதோறும் வெறுங்காலோடு மூன்று முறை வலம் வந்தாள்.

"வாசக் கேட்டுகிட்டயே நாத்தம் அடிக்குதே. உங்களுக்குத் தெரியலையா?"

காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு காலமாக இருக்கும் என்று கேட்டேன்.

"தண்ணியப் பாத்தா வருஷக்கணக்குல இருக்கும் அங்கிள். வீட்டுக்கு வரவங்க யாருமே சொல்லலையா?"

தொட்டியைத் திறந்து உறிஞ்ச வேண்டும் என்று பதினான்கு நாள் தவணை எழுதிய தாளை என் கையில் கொடுத்துச் சென்றார். இவ்வீட்டைப் பற்றிய உண்மையை எனக்கு முதலில் சொன்னது அந்தத் தாளே.

அன்று மாலை பத்திரிகை உறையைப் பிரித்தேன். அச்சிட்ட வரிகளுக்குக் கீழே நண்பர் தம் கையால் எழுதியிருந்தார்: "அண்ணே, முதல் நாளே வந்துடுங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்கதான் முன்னால நிக்கணும்."

துளசியை வேரோடு எடுத்துச் சுவர்ச் சாயம் தீர்ந்த வாளியில் நட்டபின், வேலையாள் மாடத்தை இடித்தார். நான் அருகிலேயே நின்றேன். பின்சந்திலிருந்து லாரியின் குழாய் வந்து இறங்கியது. தரையைக் கழுவிவிட்ட பிறகு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏன் தம்பி சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? அண்ணி போன வீடு. நீங்க கவலையில வீட்டப் பாக்காம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். உங்க வீடு நாறுதுன்னு சொல்லிட்டு, அங்கயே உக்காந்து நான் எப்படி அப்பம் திங்கிறது?"

"பத்திரிகைய இப்பத்தான் பிரிச்சேன்."

"அன்னைக்கு மண்டபத்துல உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருந்தேன். ஆள் வரல லா, என்ன செய்யறது."

நீரிழிவு நோயால் அவருக்கு ஒரு கால் எடுக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் அறிந்தேன். அடுத்த ஞாயிறு பாலத்தைக் கடந்து போய் அவரைப் பார்த்தேன். மகள் காப்பி கொடுத்தாள். என்னை நேராகப் பார்த்துப் பேசவில்லை. அது அவளுடைய உரிமை. விடைபெறும்போது நண்பர், "ஒரு நாள் வீட்டுக்கு வரேண்ணே, ஏத்திட்டு வர காடி கிடைக்கட்டும்" என்றார். இதுவரை வரவில்லை.

மறு ஆய்வுக்கு வந்த அதிகாரி இம்முறை முகக்கவசத்தைக் கழற்றினார். நாற்றம் உண்டா என்று கேட்டேன். "இல்ல அங்கிள், சுத்தமா இருக்கு" என்றார். காப்பி குடிக்கச் சொன்னேன். பணி நேரம் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதை நம்புகிறேன்; வேறு வழி எனக்கில்லை. மறுபடியும் நாற்றம் எழுந்தால் யாரேனும் கதவுவரை வந்து சொன்னாலன்றி நான் அறியமாட்டேன்.

சமையலறைப் பின்வாசலிலிருந்து நேராக ஏழடி, அங்கிருந்து இடப்புறம் இரண்டடி. மூடி அங்கே இருக்கிறது. அதன் மேல் எதையும் கட்டற்க. துளசி அதே வாளியில் சுவரோரம் இருக்கிறது, விரும்பினால் வளர்க்கலாம்.

இக்குறிப்பை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.