திண்டிவனம் கோர்ட்டில் ஒரு பொக்லைன் டிரைவர்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். போன மாதம் ஸ்காட்லாந்து பாடம். சில நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே அடங்காத ஒரு குலத்தை அடக்க நினைத்தால், அரசர் பக்கத்துப் பிரபுவுக்கு ஒரு ஆணை எழுதிக் கொடுப்பார். அதைக் காட்டி வீட்டைக் கொளுத்தலாம், ஆளை வெட்டலாம். பிறகு வழக்கு வராது என்று அதிலேயே எழுதியிருக்கும். வகுப்பு முடிந்ததும் மாணவி ரீட்டா வந்தாள். அவள் அப்பாவிடமும் இப்படித்தான் சொன்னார்களாம். வியாழக்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார், நீங்களும் வர முடியுமா என்று கேட்டாள். லீவு போட்டேன்.

காலை 7.10க்கு விழுப்புரத்தில் சென்னை பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசை பத்து நிமிடத்தை விழுங்கியது. 38 கிலோமீட்டர், டிக்கெட் 40 ரூபாய், 8.20க்குத் திண்டிவனம். ரீட்டாவும் அவள் அப்பா அந்தோணியும் ஒலக்கூர் பக்கத்திலிருந்து பைக்கில் வந்திருந்தார்கள். இட்லிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு வருடம் முன்பு ஏரிக்கரை ஆக்கிரமிப்பை அகற்ற அவருடைய பொக்லைனைக் கூப்பிட்டார்கள். பட்டியலில் ஆறு வீடு. அங்கிருந்த அதிகாரி ஏழாவதாக ஒன்றைக் காட்டினார். இது லிஸ்டில் இல்லையே என்று அந்தோணி கேட்டிருக்கிறார். ஆர்டர் என்னுடையது, உன்மேல் கேஸ் வராது என்று பதில். இடித்துவிட்டார். அது தேவகி என்ற கூலித் தொழிலாளியின் பட்டா வீடு.

தேவகி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பட்டியலில் இருப்பதாக நினைத்து நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்தேன், சட்டம் என்னைக் காக்கும் என்றார் அதிகாரி. லிஸ்டில் இல்லை என்று அன்றே அதிகாரியிடம் சொன்னதை அந்தோணி கோர்ட்டில் சொன்னால் அந்தக் காப்பு உடையும். ஆனால் தெரிந்தே இடித்ததாக ஆகி, அந்தோணியின் காப்பும் சேர்ந்து போகும். தெரிந்த வக்கீல் ஒருவர், ஞாபகமில்லை என்று சொல்லிவிடச் சொன்னாராம்.

“நீங்க இன்னா சொல்றீங்க மேடம்?” என்று அந்தோணி என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். ஸ்காட்லாந்தில் அந்த ஆணையைக் கையில் வாங்கிப் போனவன் வீடு திரும்பிய பிறகு எப்படித் தூங்கினான் என்று நான் படித்த எதிலும் இல்லை.

கோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு 20 ரூபாய். 12.15க்குத்தான் அந்தோணியைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் ரீட்டா எங்கே என்று தேடினார்.

“அந்த வீடு பட்டியலில் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று தேவகியின் வக்கீல் கேட்டார்.

“தெரியுங்கய்யா. ஆபீசருகிட்ட சொன்னேன். தெரிஞ்சிக்கினுதான் இடிச்சேன்.”

அப்படியானால் தப்பு உங்கள் மேலும்தானே என்று அதிகாரியின் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தேவகி எதிரே வந்தார். இரண்டு வருடமாக அந்தோணி அவர் தெருப்பக்கமே போனதில்லை.

“வூடு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் பொய்க் கேசு போட்டேன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது” என்றார் தேவகி.

அந்தோணி அவரைப் பார்த்துச் சொன்னார்: “புது வூட்டுக்குக் கடக்கால் தோண்டறப்ப சொல்லுமா. மிஷின எடுத்துக்கினு வர்றேன்.”

“டீசல் நான் போடறேன். வாங்க” என்றார் தேவகி.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்தோணிமேல் வழக்கு வந்தாலும் வரலாம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அன்று மதியம் பைக்கை அவர் ஓட்டிப் போன விதத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். போனை அணைத்துவிடுங்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, முழு நாளை ஒதுக்குங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். தெரிந்தவர் யாராவது சாட்சி சொல்லப் போனால் கூடப் போங்கள். எதுவும் பேச வேண்டாம். கூண்டிலிருந்து அவர் பார்க்கும்போது தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும்.