மீனை விற்று வாங்கிய டொனிக்

அந்தச் சுவர்க்கடிகாரத்தின் நடுவில் மருந்துக் கொம்பனியின் பெயர் இலக்கங்களைவிடப் பெரிதாக எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்த கொம்பனி ஆள் அதை மேசையில் வைத்துவிட்டு, தங்கள் சத்து டொனிக்கைத் தாராளமாக எழுதித் தரும்படி டொக்டரைக் கேட்டுக்கொண்டார்.

"நேரம் பாக்க என்னட்டைக் கைக்கடிகாரம் இருக்கு. இதைக் கொண்டு போம் தம்பி" என்றார் டொக்டர்.

எழுபதுகளில் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆசுபத்திரியில் நான் தாதியாக இருந்தபோது மாற்றலாகி வந்த பெண் டொக்டர் அவர். மருந்துக்கு எதிரியல்ல. பெனிசிலின் தீர்ந்துபோனால் தானே பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார். தேவையில்லாத டொனிக் போத்திலைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

ஒருநாள் அனலைதீவிலிருந்து ஒரு தாய் வள்ளத்தில் மகளைக் கொண்டுவந்தாள். பிள்ளை வெளிறி, கடைவாய் வெடித்து, குச்சிபோல் இருந்தது. பட்டணத்து டொக்டர் எழுதிய டொனிக் முடிந்துவிட்டது, அதையே மறுபடி தாருங்கள் என்றாள்.

"பிள்ளை என்ன சாப்பிடுறவள்?"

"பேக்கரிப் பாணும் தேத்தண்ணியும்."

"உம்மட மனுசன் கடல்தொழில் எண்டீர். மீன் குடுக்கிறேல்லையோ?"

"அதை வித்துத்தானே டொனிக் வாங்கினனாங்கள்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "மீனை வித்துச் சீனிப்பாணி வாங்கியிருக்கிறீர்" என்றார். வயிற்றுப் பூச்சிக்கு மட்டும் மருந்து கொடுத்து, மீன், முட்டை, முருங்கையிலை, குரக்கன் என்று மருந்துத் துண்டில் எழுதினார்.

"இதைச் சொல்ல ஒரு டொக்டர் வேணுமே? ஏழையள் எண்டபடியால்தானே மருந்து தர மனமில்லை!" என்று அந்தத் தாய் வாசல்வரை கத்திக்கொண்டே போனாள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லையென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். பணக்கார வீட்டு அலுமாரியில் நிற்கும் போத்திலைத் தன் பிள்ளைக்கு மறுத்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

மருந்து தராத டொக்டர் என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. முதல் கையெழுத்து அவளுடையது. விசாரிக்க வந்த மேலதிகாரி நயமாகத்தான் பேசினார். "சனம் கேக்கிறதைக் குடுத்தால் என்ன? கொம்பனிக்காரர் உங்களுக்குச் சும்மாதானே சாமான் தருகினம்?"

"சும்மா தாறதெண்டால் ஆசுபத்திரிக்கு வாற வருத்தக்காரருக்கெல்லோ குடுக்கோணும். எனக்கேன் தருகினம்?"

அதிகாரி கோப்பை மூடினார். டொனிக் எழுதுவதாக ஒப்புக்கொண்டால் விடயம் இதோடு முடியும் என்றார். "ஏலாது" என்றார் டொக்டர். குரலை உயர்த்தவில்லை. சில வாரங்களில் வன்னியில் ஒரு காட்டுக் கிராமத்துக்கு மாற்றல் வந்தது.

அவர் போன காலையில் வழியனுப்பப் பஸ் தரிப்பில் நான் ஒருத்திதான் நின்றேன். பஸ் வரும் நேரத்தில் அந்தத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். பிள்ளையின் கடைவாய் ஆறியிருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"உங்களில எனக்குக் கோவம் இன்னும் ஆறேல்லை. ஆனா இப்ப முதல் மீன் இவளுக்குத்தான். மிச்சம்தான் சந்தைக்கு."

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "கோவத்தை வைச்சிரும். மீனை மட்டும் நிப்பாட்டாதையும்."

இப்போது நானே நோயாளி. டொக்டர்மார் எழுதித் தரும் துண்டை வாங்கியதும், இது எதற்கு, இது இல்லாமல் ஏலாதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். வெளியே ஆட்கள் காத்திருப்பதாகச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். பதில் வரும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.