காஞ்சிபுரத்தில் நான் சம்பந்தம் பேசிய கதை

காலை ஆறேகாலுக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். நாற்பத்தைந்து மைல், டிக்கெட் இரண்டேகால் ரூபாய், ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றுகொண்டே பயணம். ஒரு தோளில் என் வினாத்தாள்கள் இருந்த ஜோல்னாப் பை. கையில் அம்மா திணித்துவிட்ட கூடை. அதில் இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, கதம்பம். ஆராய்ச்சிக்குப் போகிறவள் வெற்றிலை பாக்கு கொண்டுபோகிற வழக்கம் உலகத்தில் எங்கும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நாலு பேர் வீட்டுக்குப் போற. கையை வீசிக்கிட்டுப் போனா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்பது அவள் கட்சி.

நான் சமூகவியலில் பி.ஏ., எம்.ஏ. முடித்து, இரண்டு வருஷம் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டு, இரண்டு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு மன்றாடிக்கொண்டிருந்தவள். பட்டு நெசவாளர் வீடுகளில் கூட்டுக் குடும்பம் எப்படி நடக்கிறது என்பது தலைப்பு. பெண்பிள்ளை வெளியூர் போய்த் தகவல் சேகரிப்பதெல்லாம் நடக்காது, நூலகத்தில் உட்கார்ந்து எழுதலாமே என்பது பேராசிரியரின் எண்ணம். நான் விடாமல் நச்சரித்ததில் ஒரே ஒரு பயணத்துக்கு இறங்கி வந்தார். "பத்து வீடு. நம்பும்படியான பதில். இல்லாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்" என்றார். ஆக, என் இரண்டு வருஷ உழைப்பும் அந்தப் பத்து வீடுகளை நம்பித்தான் நின்றது.

போவதற்கு அமாவாசையைத் தேர்ந்தெடுத்தது என் சொந்த மூளை. அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள், எல்லோரும் வீட்டில் சாவகாசமாக இருப்பார்கள். அந்தப் பக்கத்தில் நல்ல காரியம் பேசப் போகிறவர்களும் அதே நாளைத்தான் பார்ப்பார்கள் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

ஒன்பது மணிக்கு பஸ் நிலையத்தில் சைக்கிள் ரிக்ஷா பிடித்தேன். பிள்ளையார்பாளையத்துக்கு முக்கால் ரூபாய்.

"யார் வூட்டுக்கும்மா?" என்றார் ரிக்ஷாக்காரர்.

"ஏகாம்பரம் வீடு. அதை முடிச்சுட்டு அதே தெருவுல இன்னும் ஒன்பது வீடு பார்க்கணும்."

அவர் திரும்பிக் கூடையைப் பார்த்தார். பழம், பூ, வெற்றிலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். "பத்து வூடா? ஒரே நாள்லயா?"

"ஆமாம்."

"பெரிய எடம் போலக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தார். என்னை இறக்கிவிட்டதும் சவாரி தேடிப் போகாமல் தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏகாம்பரத்தின் மனைவி தனபாக்கியம் எங்கள் துறை நூலகருக்கு அத்தை. கூடையில் பாதியை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்க் கணவரை அழைத்து வந்தார். அவர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றபிறகு, இருவரும் சேர்ந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். என்ன மரியாதை தெரிந்த குடும்பம் என்று நெகிழ்ந்துபோய், எதற்கு வந்தேன் என்று சொல்லாமலேயே கேள்விகளை ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா, எத்தனை தறி?

"நாலு தறிம்மா" என்றார் ஏகாம்பரம்.

கூடத்தில் இரண்டு குழித்தறிகள்தான் இருந்தன. "மற்ற இரண்டும்?"

"அது கூரம் கிராமத்துல இருக்குது."

"பெண் குழந்தைகளுக்குப் படிப்பு?"

"பெரிசு பத்தாவது பாஸு" என்றார் தனபாக்கியம். "தறிக்குப் பாவு பிணைக்கும், சமைக்கும், பாடும். அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது."

நான் படிப்பைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன். ஆனாலும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். உறவினர்கள் எந்தெந்த ஊரில் என்று கேட்டபோது அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்டி கேளும்மா. அத்த விசாரிக்காம எப்டி?" என்று ஐயம்பேட்டையில் தொடங்கி மூன்று தலைமுறைச் சம்பந்தங்களைச் சொல்லி முடித்தார். இவ்வளவு ஆசையாகப் பதில் சொல்கிறவர்களைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்த வீட்டில் கேசரி கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும். வீட்டுக்கு வீடு தறிகளும் பெருகின. நாலாவது வீட்டில் ஏழு தறி என்றார்கள், அந்த வீட்டுக்குள் ஏழு பேர் நிற்பதே கஷ்டம். பதினொன்றரை மணிக்கு ஐந்தாவது வீட்டில் நுழைந்தபோது என் வயிற்றில் இடமே இல்லை. அங்கே பி.யூ.சி. படிக்கிற கஸ்தூரி என்ற பெண், பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகக் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள். பிறகு என் காலில் விழுந்தாள்.

"மாப்பிள்ளை எங்க வேல செய்றாரு?" என்று அவளுடைய அம்மா கேட்டார்.

"எந்த மாப்பிள்ளை?"

"உங்க அண்ணன்தாம்மா."

எனக்கு அண்ணன் இல்லை, தம்பியும் இல்லை, நான் ஒரே பெண், இது படிப்புக்காக என்று பி.ஏ.யிலிருந்து ஆராய்ச்சி வரை வருஷக் கணக்கோடு தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அதற்குள் வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. முன்வரிசையில், டீக்கடையில் சேதியைப் பரப்பிவிட்டிருந்த ரிக்ஷாக்காரர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனபாக்கியம் உள்ளே வந்தார்.

"அண்ணன் இல்லியா? அப்போ இத்தினி கேள்வியும் யாருக்கும்மா?"

"யூனிவர்சிட்டிக்கு."

"யூனிவர்சிட்டி யாரக் கட்டிக்கப் போவுது?"

ஐந்து வீட்டில் பெண்களைச் சிங்காரித்து என் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நானோ கேசரியைத் தின்றுகொண்டே அவர்களைக் கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. எழுதிய ஐந்தும் பொய், எழுதாத ஐந்தும் இனிக் கிடைக்காது. நூலகத்தின் தூசி வாசனை இப்போதே மூக்கில் ஏறியது. பேனாவை மூடினேன்.

"இரு, எழுந்துக்காத" என்று தனபாக்கியம் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்களையெல்லாம் கேட்டியே, உன்ன யாராவது கேட்டாங்களா? உனக்கு இன்னா வயசு?"

"இருபத்து மூணு" என்றேன்.

"சமைப்பியா?"

"எல்லாம் சமைப்பேன்."

"சொந்த வூடா?"

"ஆமாம்."

"அப்பாவுக்கு இன்னா வேல?"

"ரயில்வேயில ஆபீசர்."

யாரும் என்னை மிரட்டவில்லை. அங்கே எனக்கு மாப்பிள்ளை பார்க்கவும் இல்லை. கேள்வி வந்த தோரணையில் பதில் தானாகவே இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தது. விசாரணையில் மக்கள் ஏன் உண்மையை மாற்றிச் சொல்கிறார்கள் என்று எம்.ஏ.யில் முப்பது பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான்.

தூணோரம் நின்ற கஸ்தூரி விரல் விட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, பி.ஏ., எம்.ஏ., ரெண்டு வருசம் வாத்தியார் வேல, ரெண்டு வருசம் ஆராய்ச்சின்னு சொன்னீங்களே. உங்கள எத்தினி வயசுல இஸ்கூல்ல சேத்தாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபத்தாறுதான். ரசம் மட்டும்தான் வைப்பேன். திருவல்லிக்கேணியில மாடியில ரெண்டு அறை, வாடகைக்கு இருக்கோம். அப்பா ரயில்வேயில குமாஸ்தா."

தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செரிம்மா. கூரத்துல எனக்குத் தறி இல்ல. இங்க இருக்கிற ரெண்டுல ஒண்ணு எங்க மாமனாருது. அத்த எழுதிக்க."

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. ஒவ்வொருவராக வந்து திருத்தினார்கள். தயங்கியவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருத்தினார்கள். ஏழு தறி வீடு ஒன்றரைத் தறிக்கு இறங்கியது. அந்த அரைத் தறி தம்பியோடு பங்கு. மிச்சமிருந்த ஐந்து வீடுகளுக்குக் கஸ்தூரி பட்டுப்புடவையை மாற்றிவிட்டு என்னோடு வந்தாள். அதில் மூன்றாவது வீட்டிலிருந்து கேள்விகளை அவளே கேட்க ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாகக் கேட்டாள், பொய் வந்தால் புருவத்தைத் தூக்கினாள். "இத்தப் படிக்கணும்னா எங்க சேரணுங்க்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அம்மா, "மொதல்ல இந்த அக்காவுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும், அப்பறம் நீ படிக்கலாம்" என்றார்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அதே ரிக்ஷாக்காரர் கொண்டுவந்து விட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "உங்களாலதாம்மா இன்னிக்கு நல்லா பொழுது போச்சு" என்றார்.

பேராசிரியர் பத்துத் தாள்களையும் இரண்டு முறை படித்தார். இதெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது என்றார். பொய்யையெல்லாம் முதலிலேயே வாங்கி முடித்துவிட்டேன் சார் என்று நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பழமும் வெற்றிலையுமாக நான்கு பேர் வந்தார்கள். அம்மா கேசரி கிளறியிருந்தாள். கேள்விகள் ஏறக்குறைய என் வினாத்தாளின் வரிசையிலேயே வந்தன. "இருபத்து மூணு" என்றாள் அம்மா. இருபத்தாறு என்று நான் திருத்தினேன். வீடு வாடகை, ரசம் மட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்தவர்கள் இன்றுவரை போடவில்லை. உண்மையைச் சொன்னதால் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பத்து வீடு கிடைத்தது, திருவல்லிக்கேணியில் ஒரு மாப்பிள்ளை வீடு போயிற்று. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு லாபம்தான். அம்மாதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.