தோழி போய்ச் சொல்வாள்

பெரம்பலூரில் பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். காப்பியத்தில் தோழியின் பங்கு என்ன என்ற கேள்விக்கு ஒரு மாணவி, 'நாயகி சொல்ல முடியாததைத் தோழி போய்ச் சொல்வாள்' என்று எழுதியிருந்தாள். என் பேனா நின்றுவிட்டது.

உடையார்பாளையத்தில் நானும் மலரும் அதே பாடத்தைப் படித்த வருஷம்தான் அவளைத் தாய்மாமனுக்குப் பேசி முடித்தார்கள். "கதையில தோழிதானடி போய்ச் சொல்றா? எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு எங்கப்பாகிட்ட நீ சொல்லு" என்று அழுதாள்.

போனேன். அவள் அப்பா வாசலில் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகையில் எனக்குத் தொண்டை கமறியது.

"என்ன பாப்பா?" என்றார்.

"தண்ணி வேணுங்க."

மலர்தான் சொம்பில் கொண்டுவந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. மறு வருஷம் முதல் பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனாள். துக்கத்துக்குப் போன என்னை அவள் அம்மா கட்டிக்கொண்டு கதறினார்.

"வேணாம்னு உங்கிட்டயாச்சும் சொன்னாளாடி?"

"இல்லைங்க அத்தை" என்றேன்.

அத்தை இன்னும் இருக்கிறார். ஊருக்குப் போனால் அந்தத் தெருப் பக்கம் நான் போவதில்லை.